உதடு தெரியும் முகக்கவசம் வேண்டும்

"முகக்கவசக் காலம் முடிந்து எத்தனையோ நாளாகிவிட்டதே! இப்பொழுது எதற்கு இந்தப் பேச்சு?" என்று இம்மலரைப் புரட்டும் அன்பர்கள் சிலர் கேட்கக்கூடும். தெருவிலும் பேருந்திலும் முகக்கவசம் மறைந்துவிட்டது என்பது உண்மையே. ஆனால் அது பிறந்த இடம் தெரு அன்று, ஆஸ்பத்திரி. 1897-ஆம் ஆண்டில் பிரெஸ்லாவ் நகரில் மிக்குலிச் என்னும் அறுவை மருத்துவரும், பாரிஸில் பால் பெர்ஜர் என்பவரும் வாயையும் மூக்கையும் துணியால் மறைத்துக்கொண்டு அறுவை செய்யத் தொடங்கினார்கள். அன்று ஏறிய கவசம் அறுவைக் கூடத்தை விட்டு இன்றுவரை இறங்கவில்லை. காசநோய்ப் பிரிவு, தீவிர சிகிச்சைப் பிரிவு, பல் மருத்துவரின் நாற்காலி என்று அதன் ஆட்சி பரந்து கிடக்கிறது. இறங்க வேண்டும் என்று நாங்களும் சொல்ல வரவில்லை. அந்தக் கவசத்துக்குப் பின்னால் இருக்கும் உதடு கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று மட்டுமே கேட்கிறோம்.

இந்த எண்ணம் எங்களுக்குப் புத்தகத்திலிருந்து வரவில்லை. எங்கள் வகுப்பில் ஒரு தோழி இருக்கிறாள். சிறு வயதிலேயே அவளுக்குச் செவித்திறன் குறைந்துவிட்டது. இரண்டு காதுகளிலும் கருவி அணிந்திருக்கிறாள். கருவி பாதி சொல்லும், எதிரில் நிற்பவரின் உதடு மீதியைச் சொல்லும், இரண்டையும் சேர்த்து அவள் புரிந்துகொள்வாள். அவளுடைய சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறோம். தன் பெயரைப் போட வேண்டாம் என்றாள், ஆகையால் போடவில்லை.

2021 நவம்பர் முதல் தேதி எங்களைப் போன்ற கீழ்வகுப்புப் பிள்ளைகளுக்குப் பள்ளி மீண்டும் திறந்தபோது நாங்கள் ஆறாம் வகுப்பு. ஆசிரியைகள், மாணவிகள் அனைவர் முகத்திலும் கவசம். ஐந்தாம் வகுப்புவரை முதல் ஐந்து இடத்துக்குள் வந்துகொண்டிருந்த அவள், அந்த ஆண்டு எங்கேயோ பின்னுக்குப் போனாள். கூப்பிட்டால் திரும்ப மாட்டாள், ஏதாவது கேட்டால் பேசாமல் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போய்விடுவாள். அவளுக்குத் தலைக்கனம் வந்துவிட்டது என்று நாங்கள் முடிவு கட்டினோம். மதிய உணவு வேளையில் அவளைத் தனியே விட்டுவிட்டு மரத்தடிக்குப் போன நாட்களும் உண்டு. அவள் முன்னால் இருந்த எல்லா உதடுகளையும் நீலத்துணி மூடிவிட்டது என்பது பன்னிரண்டு வயதைக்கூட எட்டாத எங்களுக்குத் தோன்றவேயில்லை. இதை எழுதும்போது இப்பொழுதும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

அந்த வெட்கம் பயமாக மாறியது சென்ற ஆண்டு. விளையாட்டு விழாவுக்கு முந்தின நாள் காலைப் பயிற்சியில், தடை தாண்டும்போது அவள் விழுந்து முன்கையில் எலும்பு முறிந்துவிட்டது. விளையாட்டு ஆசிரியையும் விடுதி சிஸ்டரும் ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்ல, எங்களில் இருவரும் கூடவே போனோம். ஆஸ்பத்திரியின் பெயர் இங்கு வேண்டாம். அங்குள்ளவர்கள் யாவரும் கனிவாகவே நடந்துகொண்டார்கள். தகடு வைத்து எலும்பைச் சேர்க்க வேண்டும், அதற்கு முழு மயக்கம் கொடுக்க வேண்டும் என்றார்கள். அவளைத் தள்ளுவண்டியில் படுக்க வைத்து உள்ளே கொண்டு சென்றார்கள். கீழே விழுந்ததில் ஒரு காதுக்கருவி உடைந்துபோயிருந்தது. மற்றொன்றைக் கழற்றி ஒரு உறையில் போட்டு எங்கள் கையில் கொடுத்துவிட்டார்கள்.

மயக்க மருந்து கொடுப்பவர் கவசத்தோடு குனிந்து, "வெறும் வயிறா, பாப்பா?" என்று கேட்டார். அவள் தலையை ஆட்டினாள். "மருந்து ஏதாவது ஒத்துக்காதா?" அதற்கும் தலையை ஆட்டினாள். "முன்னாடி ஆபரேஷன் ஆயிருக்கா?" மறுபடியும் அதே தலையாட்டல்தான். உண்மை என்னவென்றால், ஒரு மணி நேரத்துக்கு முன்புதான் அவள் நான்கு இட்லி சாப்பிட்டிருந்தாள். கதவருகே நின்ற எங்களுக்கு அது தெரியும், ஏனென்றால் அவள் தட்டிலிருந்த ஐந்தாவது இட்லியைத் தின்றவர்களே நாங்கள்தான். "இல்லை சார், அவ சாப்பிட்டா!" என்று நாங்கள் கத்திய கத்தலுக்குச் சிஸ்டர் ஓடி வந்துவிட்டார்கள். வயிற்றில் உணவு இருக்கும்போது முழு மயக்கம் கொடுத்தால், அது மேலேறி மூச்சுக்குழலில் புகுந்து உயிருக்கே ஆபத்தாகலாம் என்று பிறகு அந்த மருத்துவரே எங்களுக்கு விளக்கினார். அறுவை மாலைக்குத் தள்ளிப் போடப்பட்டது. கையும் நன்றாகவே கூடிவிட்டது.

"ஏன்டி எல்லாத்துக்கும் தலையை ஆட்டினே?" என்று அவளிடம் கேட்டோம். "என்ன கேக்குறாங்கன்னே தெரியலை. மறுபடி மறுபடி 'என்ன, என்ன'ன்னு கேட்டா கோபப்படுவாங்களோன்னு பயம்" என்றாள். நன்றாகக் காது கேட்கும் நமக்கு இந்தத் தலையாட்டல் "ஆமாம்" என்று பொருள்படுகிறது. அவளுக்கோ அது "என்னைத் திட்டாதீர்கள்" என்பதாகும். ஆறாம் வகுப்பில் நாங்கள் கண்ட தலைக்கனமும் இதுவேதான்.

உதடு அவ்வளவு முக்கியமா என்று ஐயப்படுகிறவர்கள் கண்ணாடி முன் நின்று, குரல் எழுப்பாமல் பேசிப் பாருங்கள். 'ஆ' என்றால் வாய் திறக்கும், 'ஊ' என்றால் குவியும், 'ஈ' என்றால் விரியும். 'வ' சொல்லும்போது மேல்பல் கீழுதட்டைத் தொடும். இவையெல்லாம் நன்றாகத் தெரிகின்றன. ஆனால் 'க' தொண்டையருகே ஒளிந்துகொள்கிறது. 'ண', 'ள', 'ழ' எல்லாம் நாக்கு உள்ளே செய்யும் வேலை. 'ப'வும் 'ம'வுமோ இரட்டைப் பிள்ளைகள், இரண்டுக்கும் உதடு ஒரே மாதிரிதான் மூடித் திறக்கும். 'பாலை'யும் 'மாலை'யும் ஒன்று, 'பணம்' 'மணம்' ஒன்று. 'மருந்து' சாப்பிடு என்பதும் 'பருந்து' சாப்பிடு என்பதும் கண்ணுக்கு ஒன்றேதான்! மருத்துவர் பருந்தை மூன்று வேளை உண்ணச் சொல்ல மாட்டார் என்று எங்கள் தோழி தானாகவே ஊகித்துக்கொள்கிறாள். இப்படி ஊகிப்பதற்காவது ஒரு பிடி வேண்டுமல்லவா? உதடும் மறைந்தால் அந்தப் பிடியும் போய்விடுகிறது. சைகைமொழியில் பேசுகிறவர்களுக்கும் இதே துன்பந்தான். அவர்கள் கையால் மட்டும் பேசுவதில்லை. புருவத்தின் ஏற்றமும் வாயின் அசைவும் அந்த மொழியின் இலக்கணமாகவே விளங்குகின்றன.

இதோடு போகவில்லை. கவசம் ஒலியையும் குறைக்கிறது. சாதாரண மருத்துவக் கவசம் உச்ச ஒலிகளில் 3 அல்லது 4 டெசிபெல் அளவும், என்-95 வகை ஏறக்குறைய 12 டெசிபெல் அளவும் விழுங்கிவிடுவதாக 2020-இல் அளந்து வெளியிட்டிருக்கிறார்கள். 'ச', 'த' போன்ற மெய்யொலிகளின் கூர்மை அந்த உச்சப் பகுதியில்தான் இருக்கிறது. வயதானால் காது முதலில் இழப்பதும் அதே பகுதியைத்தான். முதியவர்களுக்கு ஏற்கெனவே மங்கியிருக்கும் இடத்திலேயே கவசம் இன்னொரு திரையையும் போடுகிறது. எங்கள் விடுதியில் வயது முதிர்ந்த சிஸ்டர் ஒருவர் இருக்கிறார்கள். கொரோனாக் காலத்தில் பிள்ளைகள் எல்லோரும் மரியாதையாக மெல்லப் பேசக் கற்றுக்கொண்டார்கள் என்று மகிழ்ந்துபோனார்களாம்! கவசங்கள் கழன்றபின் மீண்டும் கேட்கத் தொடங்கியதும்தான், இத்தனை காலம் தாம் அறியாமலே உதட்டைப் பார்த்துக் கேட்டு வந்தது அவர்களுக்குப் புரிந்தது. (சிஸ்டர் மன்னிக்க வேண்டும். இதை எழுதச் சொன்னதும் தாங்கள்தான்.) நம் வீட்டுத் தாத்தா பாட்டிகளில் எத்தனை பேர் இப்படியோ!

உலகில் 43 கோடிப் பேருக்குச் செவித்திறன் இழப்பால் சிகிச்சையோ கருவியோ பயிற்சியோ தேவைப்படுகிறது என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. 2050-க்குள் அது 70 கோடியைத் தாண்டுமாம். இந்தியாவில் 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி செவிக்குறைபாடு உடையோர் 50 லட்சத்துக்கு மேல். கணக்கெடுக்க வந்தவரிடம் "எனக்குக் காது கொஞ்சம் மந்தம்" என்று சொல்லிக்கொள்ளாத பாட்டிமார்கள் இதில் சேரவில்லை என்று துணிந்து சொல்லலாம்.

சரி, ஒளி ஊடுருவும் கவசம் நடக்கக்கூடிய காரியந்தானா? நடந்திருக்கிறது. அமெரிக்காவில் அலிசா டிட்மார் என்னும் பெண் பிறவியிலிருந்தே காது கேளாதவர். 2015-இல் அவர் அறுவைக்குச் சென்ற நாளில், வர வேண்டிய சைகைமொழிபெயர்ப்பாளர் வரவில்லை. சுற்றிலும் கவசமணிந்த முகங்கள். என்ன நடக்கிறது என்றே தெரியாமல் அவர் அறுவை மேசையில் கிடந்தார். எங்கள் தோழியின் கதையேதான்! ஆனால் டிட்மார் அத்தோடு விட்டுவிடவில்லை. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் உடன் பயின்றவர்களோடு சேர்ந்து 2017-இல் 'கிளியர்மாஸ்க்' என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். வாய்ப்பகுதி முழுவதும் தெளிந்த பிளாஸ்டிக்கால் ஆன, மூச்சு படிந்து மங்காதபடி பூச்சுப் பூசிய அந்தக் கவசத்துக்கு 2020-இல் அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகம் அனுமதி வழங்கியது. அதே ஆண்டு செப்டம்பரில் பிரிட்டிஷ் அரசு தன் மருத்துவ, சமூகப் பணியாளர்களுக்காக அவற்றில் 2,50,000 கவசங்களைத் தருவித்தது.

சுவிட்சர்லாந்தின் கதை வேறு விதமானது. மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா பரவியபோது, தலை முதல் கால்வரை மூடிய உடையணிந்த தாதியர் தங்கள் புகைப்படத்தை மார்பில் குத்திக்கொண்டு நோயாளிகளிடம் சென்றார்கள். தம்மைக் கவனிப்பவரின் முகம் எப்படிப்பட்டது என்றாவது நோயாளி அறியட்டும் என்பதற்காக! இதை 2015-இல் கண்டு வருந்திய லோசான் நகரத் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த கிளவுஸ் ஷோனென்பெர்கர், முகம் தெரியும் கவசம் ஒன்றை ஏன் செய்யக்கூடாது என்று சிந்தித்தார். தியரி பெலே என்பவரும் எம்பா என்னும் ஆய்வுக்கூடமும் அவரோடு சேர்ந்தன. அவர்கள் எடுத்துக்கொண்டது பிளாஸ்டிக் சாளரத்தை அன்று. மின்விசையால் மிக மெல்லிய இழைகளை இழுத்து நெய்த ஒரு சவ்வு. அதன் துளைகள் ஏறக்குறைய 100 நானோமீட்டர், அதாவது நம் தலைமுடியின் பருமனில் ஆயிரத்தில் ஒரு பங்கு. காற்று போகும், கிருமி தங்கும், முகமும் தெரியும். 'ஹலோமாஸ்க்' என்று பெயரிட்டு 2020 ஜூனில் அதை உலகுக்கு அறிவித்தார்கள். மார்பில் குத்திய புகைப்படத்தில் தொடங்கி இங்கு வந்து நின்ற இந்த முயற்சி எங்களுக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

குறைகளையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். சாதாரணத் துணிக் கவசத்தில் பிளாஸ்டிக் சாளரம் வைத்தால் ஒலி முன்னைவிட அதிகமாகத் தடைப்படுகிறது. இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 2020-இல் ஒலிபெருக்கி பொருத்திய பொம்மைத் தலையில் பலவிதக் கவசங்களை மாட்டிச் சோதித்தபோது, ஒலியை நன்றாக விட்டது சாதாரண மருத்துவக் கவசம், மோசமாக அடைத்தது சாளரக் கவசம். கண்ணுக்குக் கொடுத்ததைக் காதிலிருந்து பறித்துக்கொள்கிறதே என்று நாங்கள் சோர்ந்துபோனோம். ஆனால் அதே சோதனையில் சட்டையில் குத்தும் சிறு மைக்கை வைத்துப் பார்த்தபோது, எந்தக் கவசமும் அதன் ஒலியை அதிகமாகப் பாதிக்கவில்லை. ஆகவே சாளரமும் மைக்கும் சேர்ந்தால் குறை தீரும். விலையும் ஒரு குறைதான். ஒருமுறை அணிந்து எறியும் தெளிந்த கவசம், சாதாரணக் கவசத்தைப் போலப் பல மடங்கு விலை. குப்பையில் சேரும் பிளாஸ்டிக்கும் கூடும்.

நாங்களும் சும்மா இருக்கவில்லை. அறிவியல் மன்றத்தில் பழைய புரொஜக்டர் தாளை வெட்டி, தையல் டீச்சரின் உதவியோடு மூன்று கவசங்கள் தைத்தோம். இரண்டே நிமிடத்தில் மூச்சு படிந்து வெள்ளையாகிவிட்டது, மார்கழி மாதத்துப் பேருந்துக் கண்ணாடி மாதிரி. பாத்திரம் துலக்கும் சோப்புநீரை மெல்லத் தடவிக் காயவைத்ததும் கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்தது. எங்கள் தோழியை மூன்றாவது பெஞ்சில் உட்கார வைத்து வார்த்தைகளைப் படித்தோம். துணிக் கவசத்தில் பெரும்பாலானவற்றுக்கு உதட்டைப் பிதுக்கினாள். எங்கள் அழகற்ற கவசத்தில் பாதிக்கு மேல் சொல்லிவிட்டாள். இது மருத்துவத்துக்கு உதவாத கவசம் என்பது எங்களுக்கே தெரியும். கிருமியை எவ்வளவு தடுக்கிறது, மூச்சு எவ்வளவு எளிதாக விட முடிகிறது என்று முறைப்படி சோதிக்காத எதையும் அறுவைக் கூடத்துக்குள் கொண்டுபோகக் கூடாது.

"எழுதிக் காட்டினால் போதாதா?" என்று எங்களில் ஒருத்தியின் அப்பா கேட்டார். நிதானமாக உட்கார்ந்து பேசும் இடத்தில் போதும். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கும், இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கும், வலியில் துடிப்பவருக்கும் போதாது. மேலும் மருத்துவர்களின் கையெழுத்தைப் பற்றி நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. பேச்சை எழுத்தாக்கிக் காட்டும் கைபேசிச் செயலிகள் தமிழிலும் வந்துவிட்டன, நல்லதுதான். ஆனால் அறுவைக் கூடத்தின் வாசலில் நகையோடும் காதுக்கருவியோடும் கைபேசியையும் வாங்கி வைத்துவிடுகிறார்களே! "ஒரு நிமிடம் கவசத்தை இறக்கிவிட்டுப் பேசினால் என்ன?" என்பாரும் உண்டு. அன்று எங்கள் தோழிக்காக அந்த மருத்துவர் அதைத்தான் செய்தார், அவருக்கு நன்றி. ஆனால் காசநோய்ப் பிரிவில் அப்படி இறக்க முடியுமா? நோயாளி புரிந்துகொள்வதா, மருத்துவர் பத்திரமாக இருப்பதா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது நியாயமன்று.

2016-இல் நம் நாட்டில் இயற்றப்பட்ட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அரசு ஆஸ்பத்திரி, தனியார் ஆஸ்பத்திரி எதுவானாலும் அதன் எல்லாப் பகுதிகளையும் தடையின்றி அணுக வழி இருக்க வேண்டும் என்கிறது. அதற்காகப் படிக்கட்டின் ஓரத்தில் சாய்தளம் கட்டுகிறார்கள். சக்கர நாற்காலிக்குப் படி தடை என்றால், எங்கள் தோழிக்கு அந்த நீலத்துணி தடையல்லவா? அதை அகற்றக் கொத்தனாரும் தேவையில்லை, சிமெண்டும் தேவையில்லை. ஆஸ்பத்திரியிலுள்ள எல்லோரும் தெளிந்த கவசம் அணிய வேண்டும் என்றும் நாங்கள் கேட்கவில்லை. பெயர் பதியும் இடத்தில் ஒருவர், அவசரப் பிரிவில் ஒருவர், மயக்க மருந்து கொடுப்பவர், பிரசவ அறையில் ஒருவர் என இத்தனை பேருக்குப் போதும். செவிக்குறைபாடு உடையவர் வந்தால் எடுத்து மாட்டிக்கொள்ள ஒரு பெட்டி அலமாரியில் இருந்தால் விலையும் பெரிய பாரமாகாது. நம் நாட்டிலேயே இவற்றைச் செய்ய முற்படுகிறவர்கள், செய்து முடித்தபின் அல்லாமல் தொடக்கத்திலேயே செவிக்குறைபாடு உடையவர்களை அருகில் உட்கார வைத்துக் கேட்க வேண்டும். சோப்புநீர் யோசனைகூட எங்கள் தோழி சொன்னதுதான்.

இக்கட்டுரையை அவளிடம் காட்டினோம். சிவப்புப் பென்சிலை எடுத்துக்கொண்டு, 'பாவம்' என்று நாங்கள் எழுதியிருந்த இரண்டு இடங்களையும் அடித்துவிட்டாள். பிறகு ஓரத்தில் சில குறிப்புகள் எழுதினாள். தெளிந்த கவசம் போட்டுக்கொண்டு கோப்பைப் பார்த்துப் பேசினால் பயனில்லை, தன் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டுமாம். ஜன்னலுக்கு முதுகு காட்டி நின்றால் முகம் இருட்டிவிடுமாம். சத்தம் போட்டுப் பேசினால் வாய் கோணிப்போய்ப் படிக்கவே முடியாதாம். பெரிய மீசை வைத்த மருத்துவர் வந்தால் எந்தக் கவசமும் உதவாது என்றும் எழுதிவிட்டுச் சிரித்தாள்.

வருகிற மே மாத விடுமுறையில் அவள் கையிலுள்ள தகட்டை எடுக்க வேண்டும். அதே ஆஸ்பத்திரி, அதே முழு மயக்கம். உதடு தெரியும் கவசம் ஒரு பெட்டி வாங்கி வைக்கும்படி வகுப்பு முழுவதும் கையெழுத்திட்ட கடிதத்தைச் சிஸ்டர் மூலம் அனுப்பியிருக்கிறோம். பதில் இந்த மலர் அச்சுக்குப் போகும்வரை வரவில்லை. நாங்கள் தேர்வு எழுதிவிட்டுச் சென்றுவிடுவோம், ஆகவே வரும் பதிலை அடுத்த ஆண்டு மலரில் வெளியிடும் பொறுப்பை ஒன்பதாம் வகுப்பாரிடம் ஒப்படைத்திருக்கிறோம்.